கூப்பிட்ட குரலுக்கு விலை

மகாராஷ்டிரத்தின் பால்கர் கடலோரத்தில் 2021 ஆகஸ்ட் இறுதியில் ஒரு படகுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வலையில் 157 கூறல் மீன்கள். ஏலத்தில் சுமார் 1.33 கோடி ரூபாய்! மராட்டியர்கள் 'கோல்' என்றழைக்கும் இந்த மீனின் சதைக்காக யாரும் இவ்வளவு கொட்டிக் கொடுப்பதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் நெட்டிக்குத்தான், அதாவது காற்றுப்பைக்குத்தான், இந்த மவுசு. அது காய்ந்து ஹாங்காங் போய்ச் சூப்பாகிறது.

கூறலுக்கோ அந்தப் பை, காதல் முரசு. மிதக்க உதவுவதோடு அதன் வேலை முடிவதில்லை. கத்தாழைக் குடும்பத்து மீன்களில் பையை ஒட்டிய தசைகள் படுவேகமாகத் துடித்து அதை அதிரவைக்கின்றன. பல இனங்களில் இந்தத் தசை ஆணுக்கு மட்டுமே. சேறு கலங்கிய முகத்துவாரத்தில் வண்ணம் காட்டி என்ன பயன்? ஒலியோ நீரில், காற்றில் செல்வதைப்போல நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் பாய்கிறது. கேட்கும் கருவியும் தயார். கத்தாழைத் தலையைச் சுவைப்பவர்களின் பல்லில் இடறுமே வெள்ளைக் கல், அது செவியின் பகுதி.

நெருங்கியபின் மற்றப் புலன்களும் சேர்ந்துகொள்கின்றன. உடலின் பக்கவாட்டுக் கோடு, அருகில் நீந்துபவரின் அசைவை உணர்கிறது. வாசனையும் உண்டு. முட்டையிடத் தயாரான பெண் தங்கமீன் நீரில் கசியவிடும் ஹார்மோனை ஆண் மோப்பம் பிடித்துவிடும்.

ஆனால் பெண்ணுக்கு விடும் அழைப்பு மனிதன் காதிலும் விழுகிறது. மலேசியாவில் 'ஜுரு செலாம்' எனப்படும் அனுபவசாலிகள் நீரில் தலையை முக்கியே மீன் கூட்டத்தைக் கண்டுபிடிப்பார்கள். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் முட்டையிடக் கூடும் கொர்வினா என்ற கத்தாழை இனத்தின் கோஷம் படகின் அடிப்பலகை வழியாகவே கேட்கும். கடல் பாலூட்டிகளின் செவியைத் தற்காலிகமாகவேனும் மந்தமாக்கும் அளவுக்கு அது உரத்தது என்று 2017இல் விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். ஊரே ஒரே இடத்தில் கூடிக் கத்தினால் வலைக்காரருக்குத் தேடும் வேலை மிச்சம். வட ஆஸ்திரேலியாவில் கூறல் கூட்டங்கள் இப்படி அள்ளப்பட்டு, பெரிய மீன்களே அரிதாகிவிட்டன.

அதே ஒலியைக் கொண்டு, வலை வீசாமலே எத்தனை மீன் கூடியிருக்கிறது என்று கணிக்கும் முறையும் மெக்சிகோவில் சோதிக்கப்பட்டது. நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான மழைக்காலத் தடை 2021இல் ஜூலை 31இல் முடிந்தது. பால்கரில் வலை நிரம்பியது அதற்குச் சுமார் 4 வாரம் கழித்து. குஜராத்தும் 2023இல் கோலை மாநில மீனாக அறிவித்தது. நெட்டி ஏற்றுமதி நடந்துகொண்டுதான் இருக்கிறது.