தன்னோடு பேச மறுக்கும் கணிப்பொறி

பாடியில் ஒரு சிறு லேத் பட்டறை. சனிக்கிழமை மாலை; கூலி கொடுக்கும் நேரம். லினக்ஸில் இயங்கும் கணிப்பொறியில் கூலிக்கணக்கைத் திறந்தால், 'சர்வரோடு தொடர்பு கொள்ள முடியவில்லை' என்ற அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் என்ன செய்வீர்கள்? கேபிளைப் பிடுங்கிச் செருகுவீர்கள். ஆனால் இணையமோ நன்றாகவே வேலை செய்கிறது! கணக்கு நிரலும், அதற்கு விவரம் தரும் டேட்டாபேஸும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பின் எந்தத் தொடர்பு அறுந்தது?

பாடி மேம்பாலத்தின் வளைவுச் சாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி அம்பத்தூருக்கும் போகாமல், அண்ணா நகருக்கும் போகாமல், வளைவில் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதாகக் கற்பனை செய்யுங்கள். கணிப்பொறிக்குள்ளும் இப்படியொரு வழி உண்டு. அதுதான் 'லூப்பேக்'. ஒரே பொறியிலுள்ள இரு நிரல்கள் பெரும்பாலும் இதன் வழியாகவே பேசிக்கொள்கின்றன. இதன் முகவரி 127.0.0.1, செல்லப்பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்'. 127 என்று தொடங்கும் முகவரிகள் 1,67,77,216. அத்தனையும் தனக்குத்தானே பேசுவதற்கென ஒதுக்கப்பட்டவை! தாராள மனம்தான். இம்முகவரி பொறியைவிட்டு வெளியே வரவே கூடாது என்பது 1989இல் வெளியான இணைய விதி.

ஆகவே சோதனையை உள்ளிருந்து தொடங்குங்கள். முதலில் 127.0.0.1க்கு 'பிங்' அனுப்புங்கள். பதில் இல்லையா? இணைப்புகளின் பட்டியலில் 'எல்ஓ' என்பதைப் பாருங்கள். 'டவுன்' என்றிருந்தால் குற்றவாளி அதுவே. நிர்வாகி உரிமையுடன் அதை 'அப்' ஆக்கினால் போதும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையா? 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் லோக்கல்ஹோஸ்ட் வரி அழிந்திருக்கலாம். இரண்டும் சரியென்றால் டேட்டாபேஸ் ஓடுகிறதா, ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள்.

சிலர் அவசரத்தில் 127.0.0.1க்குப் பதிலாகப் பொறியின் வெளி முகவரியைக் கொடுத்துப் பார்ப்பார்கள். பயனில்லை. லினக்ஸில் தன் சொந்த முகவரிக்குப் போகும் செய்தியும் இந்த உள்வழியாகவே செல்கிறது. மேலும், அதற்காக டேட்டாபேஸை வெளியாருக்குத் திறந்துவிடுவது ஆபத்து. அதைவிட, 'யூனிக்ஸ் சாக்கெட்' என்னும் கோப்பு வழியாக இரு நிரல்களையும் இணைக்கலாம். அதற்கு லூப்பேக் தேவையே இல்லை.

கூலி கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை பொறியைப் போட்டதும் அதே பழுது மீண்டும் வருகிறதா? தொடக்க அமைப்புக் கோப்பில் 'எல்ஓ'வுக்கான வரிகளை யாரோ நீக்கியிருக்கலாம். அங்கே தேடுங்கள்.