நின்றே கெட்ட வண்டி

பல வருஷம் நின்றுபோன புல்லட்டை வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டாண்ட் போட்டதும் தெருவே கூடிவிடும். "ஒரே ஒரு கிக் குடுத்துப் பாரு மாமா, எடுத்தாலும் எடுக்கும்" என்பான் பக்கத்து வீட்டுப் பையன். கொடுக்கவே கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருக்கும். அந்த ஒரு உதையில் ரிங் உடைந்தால், ஐந்நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை போரிங் வரை போய்விடும்.

நான் லேத்தில் வேலை பார்ப்பவன். ஷிஃப்ட் முடிந்த நேரத்தில் பழைய வண்டிகளை எழுப்புவது என் பொழுதுபோக்கு. என் கைக்கு வந்த வண்டிகளில் ஓடித் தேய்ந்தவை குறைவு. பெரும்பாலானவை நின்றே கெட்டவை. எங்கள் வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் அது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு பக்கம் கடற்காற்று, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய் ஈரம், நடுவில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாலும் ஈரம் உள்ளே போய்விடும். தார்ப்பாய் அதை வெளியே விடாது, அவ்வளவுதான்.

வீட்டிலேயே வேலை கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு நான் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டைத்தான் சொல்வேன். அது நம்ம ஏரியா பிள்ளை. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் 350 சிசி புல்லட் உருவானது. இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மூடிய பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாததால் புதுப்பேட்டையில் அலைந்தால் பாகம் கிடைக்கும். ஆனால் பழைய வண்டிகளில் இங்கிலீஷ் மரை இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து இழுத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

காசு கொடுக்கும் முன்னால் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதினைந்து வருஷம் தாண்டியிருந்தால் பதிவைப் புதுப்பித்தார்களா என்று கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். காகிதம் இல்லாத வண்டியை எவ்வளவு அழகாகச் சரிசெய்தாலும் அது காயலான் கடைச் சரக்குதான்.

இனி எஞ்சின். பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். பிடிவாதம் பிடித்தால் இன்னொரு ராத்திரி ஊறட்டும்.

புல்லட்டுக்கென்று தனி நோய் ஒன்று உண்டு. ஆயில், கிரான்க் கேஸுக்குள்ளேயே தனி அறையில் இருக்கும். அங்கிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு பம்ப், திரும்ப இறைக்க ஒரு பம்ப். வண்டி மாசக்கணக்கில் நின்றால் ஆயில் மெதுவாகக் கசிந்து கிரான்க் சுழலும் பக்கம் தேங்கிவிடும். மேலே அளவுக் குச்சியைப் பார்த்தால் ஆயிலே இல்லாதது போலத் தெரியும். உடனே புது ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்தால் வீதியே புகையில் மறையும். அடி போல்ட்டுகளைக் கழற்றிப் பழசு முழுவதையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, அதன் பிறகே புது ஆயில். பம்பைச் சுழற்றும் வார்ம் நட்டுக்கு இடது மரை. இது தெரியாமல் பலம் காட்டுகிறவர்கள்தான் எங்கள் பட்டறைக்கு வருமானம். ஸ்டார்ட் ஆனதும் ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியவில்லையென்றால் எஞ்சினை அப்போதே அணையுங்கள்.

டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இப்போது பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். வண்டி நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கித் துருவாகும். பழைய ரப்பர் குழாய்களும் எத்தனாலில் ஊறிக் கெடும். துரு எடுக்கப் பலர் கழிப்பறை ஆசிட் ஊற்றுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை; தகரத்தையும் சேர்த்துத் தின்னும். வினிகரை நிரப்பி ஊறவிட்டு, பழைய சைக்கிள் செயின் துண்டை உள்ளே போட்டுக் குலுக்கினால் போதும். நட்டு, போல்ட் போட்டுக் குலுக்கினால் கடைசியில் ஒன்று உள்ளேயே தங்கிவிடும். செயின் ஒரே இழுப்பில் வெளியே வரும். சமையல் சோடா கரைசலால் கழுவி, நன்றாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே செந்துரு பூக்கும்.

கரண்ட் வேலை என்றதும் பயந்து ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். நம் பக்கத்தில் பாதிக் கோளாறு எர்த்தில்தான். ஃபிரேமில் ஒயர் முடுக்கும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள். உப்புக்காற்று அண்டாது. பாயிண்ட் முனைகளைச் சுத்தம் செய்து, முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். டேப்பெட் பார்க்க எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வு இரண்டும் மூடிய நிலையில் புஷ்ராடு விரலால் உருட்டினால் சுழலணும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்குக் கருவியே வேண்டாம்.

பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

போரிங், கிரான்க் வேலை, ஸ்போக் சக்கரத்தின் கோணல் எடுப்பது, இதெல்லாம் தொழில்காரரிடமே போகட்டும். பெயின்ட்? டேங்கில் பழைய தங்கக் கோடு மிச்சமிருந்தால் தொடாதீர்கள். அது ஆலையில் பிரஷ் பிடித்துக் கையால் இழுத்த கோடு. அதை உரசிவிட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வண்டி உயிர் பெற்றதும் நேராக ரயில்வே கேட் பக்கம் எடுத்துப் போகாதீர்கள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர், முன்னால் டிரெய்லர் நின்றதும் பழக்கத்தில் வலது காலை அமுக்குவார். வண்டி நிற்காது, அடுத்த கியர் விழும். ஞாயிற்றுக்கிழமை விடியலில், லாரி வராத தெருவில், கால் பழகும்வரை ஓட்டுங்கள்.