பணி பங்கிடும் இயந்திரம்



பத்துப் பேர் கூடி ஒரு காரியத்தைச் செய்யும் இடத்தில் உண்மையில் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. முதலாவது, எடுத்துக்கொண்ட வேலை. இரண்டாவது, அந்த வேலை எவரிடம் நிற்கிறது, எந்த அளவில் இருக்கிறது, என்றைக்கு முடியும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை. மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகளைக் கழித்திருக்கும் எனக்கு, இரண்டாவது வேலை முதலாவதை விழுங்கிவிடுகிற நாட்களும் உண்டு என்பது நன்கு தெரியும். ஓர் அறிக்கையை மொழிபெயர்க்க ஆகும் நேரத்தைவிட, அதன் மூன்றாம் பகுதி எந்த மேசையில் கிடக்கிறது என்று கண்டுபிடிக்க ஆகும் நேரம் சில சமயம் மிகுதி.

இந்த இரண்டாவது வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று இப்பொழுது பலரும் சொல்லுகிறார்கள். அவ்வாறு ஒப்படைக்கப்படும் கருவிக்குச் 'செயற்கை நுண்ணறிவு முகவர்' என்று பெயர் வழங்குகிறது. அது எவ்வாறு இயங்குகிறது, எதை அதனிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் கலைக் கல்லூரியில் படித்தவன், விஞ்ஞானி அல்லன். பயன்படுத்திப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன்.

வேலையை வகுத்து வரைந்து வைக்கும் முறை புதியதன்று. போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் ஆதாமியெட்ஸ்கி 1896-இலேயே அத்தகைய வரைபடம் ஒன்றை அமைத்தார். 1910-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்கரான ஹென்றி காண்ட் வகுத்த பட்டை வரைபடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தார் 'இன்றியமையா வழி' என்னும் கணக்கைக் கையாளத் தொடங்கினர். 1958-இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காகப் 'பெர்ட்' என்ற முறையை வகுத்தது. இவற்றின் கருத்து நம் வீட்டுத் திருமணத்தை நடத்திய எவருக்கும் விளங்கும். வாழையிலை சற்றுத் தாமதித்து வந்தால் குற்றமில்லை. அடுப்பு மூட்டத் தாமதித்தாலோ பந்தி தாமதிக்கும். பந்தி தாமதித்தால் இரயிலேற வேண்டிய சம்பந்திகள் பட்டினியாகப் புறப்படுவார்கள். எந்தத் தாமதம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுமோ அதன்மீது கண் வைக்கவேண்டும்.

இத்தனை வரைபடங்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை தாமாக ஒன்றையும் அறியா. அடுப்பு மூட்டியாயிற்றா என்பதை யாராவது போய்ப் பார்த்து வந்து எழுதவேண்டும். கேட்கவேண்டிய ஆட்கள் பெருகப் பெருக இத்தொல்லையும் பெருகுகிறது. ஐவர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசவேண்டிய தொடர்புகள் 10. பதினால்வர் கொண்ட குழுவில் 91. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதொரு மென்பொருள் திட்டத்தை நடத்திய பிரெடெரிக் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடுமென்று 1975-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் இந்தத் தொடர்புப் பெருக்கமும் ஒன்று.

முகவர் நுழைவது இந்த இடத்தில்தான். அதன் உள்ளே இருப்பது பெரும் மொழி மாதிரி. அஃதாவது, மிகப் பெரும் அளவிலான எழுத்துக்களைப் படித்துப் பழகி, ஒரு சொற்றொடரை அடுத்து என்ன வரக்கூடும் என்று கணிக்கக் கற்ற நிரல். 2022 நவம்பரில் வெளிவந்த சாட் ஜிபிடி அத்தகையது. ஆயின் தொடக்கத்தில் அது கேட்ட கேள்விக்கு விடை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. முகவரோ நிற்பதில்லை. அதற்கு ஒரு குறிக்கோளும், கைக்கருவிகள் சிலவும், நினைவுக் குறிப்பேடு ஒன்றும் தரப்படுகின்றன. மின்னஞ்சலைப் படித்தல், நாட்காட்டியைப் பார்த்தல், பணிப்பலகையில் எழுதுதல் முதலியவை அதன் கைக்கருவிகள். அடுத்து என்ன செய்யலாம் என்று மாதிரி சொல்லும். கருவி அதைச் செய்யும். விளைந்ததை மாதிரி படித்துப் பார்த்து அதற்கு அடுத்தது என்ன என்று சொல்லும். குறிக்கோள் எய்தப்பட்டதாக அதற்குத் தோன்றும் வரையில் இச்சுழற்சி நீடிக்கும். 'தோன்றும் வரையில்' என்று நான் சொன்னதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2023-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஆட்டோ ஜிபிடி, பேபி ஏஜிஐ என்ற இரு நிரல்கள் இம்முறையைப் பலரறியச் செய்தன. இரண்டாவதன் அமைப்பு நம் பொருளுக்கு நெருக்கமானது: ஒரு பகுதி பணியைச் செய்யும், ஒரு பகுதி அதன் விளைவைப் பார்த்துப் புதிய பணிகளை உண்டாக்கும், மற்றொன்று பணிகளை முன்பின்னாக வரிசைப்படுத்தும். சிறியதோர் அலுவலகமே போன்றது. பணிகளை உண்டாக்கிக்கொண்டே இருந்து எதையும் முடிக்காமல் சுற்றிச் சுற்றி வரும் வழக்கமும் அதற்கு உண்டு. அந்த வகையிலும் அது சில அலுவலகங்களைப் போன்றதே. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், மாதிரிகளையும் வெளிக்கருவிகளையும் இணைப்பதற்கான பொது நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இணைப்பு அமைக்கவேண்டிய தொல்லை அதனால் குறைந்தது.

இனி நான் கண்டதைச் சொல்லுகிறேன். 2025-இல் தில்லியில் மொழிபெயர்ப்பாளர் சிலர் ஒன்றுகூடி, நீரிழிவு நோயாளிகளுக்கான சிறு கையேடு ஒன்றை ஒன்பது மொழிகளில் கொண்டுவர முயன்றோம். ஊதியமில்லாப் பணி, அவரவர் அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் செய்தது. பதினால்வர் இருந்தோம். எங்களுள் இளைஞரான ஒருவர் முகவரொன்றைப் பணிப்பலகையோடும் மின்னஞ்சலோடும் இணைத்துக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரங்கள் எங்களுக்கு வியப்பிலேயே கழிந்தன. ஞாயிறன்று கூடிப் பேசியதன் குறிப்பைக் கொடுத்தால், திங்கட்கிழமை காலையில் யார் யார் எந்த அதிகாரத்தை எந்த நாளுக்குள் முடிக்கவேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்கும். கால் பராமரிப்பு பற்றிய அதிகாரத்தின் படங்களுக்கு அடிக்குறிப்புகளை எவரும் ஏற்கவில்லை என்பதை அதுவே கண்டு சொல்லிற்று. நாங்கள் பதினால்வரும், 'வேறு யாரோ செய்கிறார்கள்' என்று இருந்துவிட்டோம். அந்த ஒன்றுக்காகவே அதனைப் பாராட்டலாம்.

மூன்றாம் வாரத்தில் மலையாள மொழிபெயர்ப்பாளரான அம்மையார் ஆறு நாட்கள் விடை எழுதவில்லை. முகவர் மூன்று நினைவூட்டல்களை அனுப்பிற்று; ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுக் கடுமை. பிறகு, அவரிடமிருந்த மூன்று அதிகாரங்களையும் எடுத்து, மலையாளப் பிரதியைச் சரிபார்க்க ஏற்றுக்கொண்டிருந்த நண்பருக்கு மாற்றிவிட்டது. மாற்றும் உரிமையை நாங்கள்தாம் கொடுத்திருந்தோம். கொடுத்தோம் என்பதையே மறந்திருந்தோம். பலகையில் 'தாமத அபாயம் நீங்கியது' என்று பச்சை நிறத்தில் குறிக்கப்பட்டிருந்தது.

உண்மையில் அந்த அம்மையார் கோழிக்கோட்டில் ஒரு மருத்துவமனையில் தம் தந்தையாரின் படுக்கையருகே இருந்தார். மூன்றில் இரண்டு அதிகாரங்களை அங்கிருந்தபடியே தாளில் கையால் எழுதி முடித்திருந்தார். ஊருக்குப் புறப்படுமுன் எங்களுள் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லியும் இருந்தார். சொன்னது காற்றோடு போயிற்று; எழுத்தில் ஏறவில்லை. எழுத்தில் ஏறாதது முகவருக்கு இல்லாததே. ஒரே அதிகாரம் இருமுறை மொழிபெயர்க்கப்பட்டது மட்டும் நட்டமன்று. சரிபார்க்க வேண்டியவரே மொழிபெயர்த்தமையால், ஒருவர் செய்ததை மற்றொருவர் பார்க்கவேண்டும் என்ற எங்கள் தொழிலின் முதல் விதியும் போயிற்று. அம்மையாரோ, "நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்பதை ஓர் இயந்திரத்தைக் கொண்டா எனக்குச் சொல்லவேண்டும்?" என்று கேட்டுவிட்டு விலகிக்கொண்டார். முதல் நினைவூட்டலுக்குப் பதிலாக எங்களுள் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

மற்றொரு பிழை இதைவிட அமைதியாக நேர்ந்தது. ஒடியா மொழிப் பிரதியில் ஓர் அதிகாரம் 'முடிந்தது' என்று குறிக்கப்பட்டிருந்தது. கோப்பு வந்து சேர்ந்ததைக் கண்டு முகவர் அவ்வாறு குறித்தது. கோப்பினுள், பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்கவேண்டும் என்று சொல்லும் அட்டவணை மொழிபெயர்க்கப்படாமல் ஆங்கிலத்திலேயே இருந்தது. அச்சுக்குப் போகுமுன் மெய்ப்புத் திருத்தியவரின் கண்ணில் பட்டது. ஆங்கிலம் அறியாத நோயாளி ஒருவரின் கையில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தால் என்னாவது என்று எண்ணி அன்றிரவு நான் நெடுநேரம் உறங்கவில்லை.

இவை எங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்த விபத்துக்கள் அல்ல. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2024 டிசம்பரில் ஒரு சோதனையை வெளியிட்டனர். கற்பனையான மென்பொருள் நிறுவனம் ஒன்றைக் கணிப்பொறியில் அமைத்து, அலுவலகப் பணிகள் 175-ஐ முகவர்களிடம் கொடுத்துப் பார்த்தனர். அப்பொழுது சிறந்து நின்ற முகவர் தானாக முழுதும் முடித்தவை ஏறத்தாழ நூற்றுக்கு 24. பின்னர் வந்த மாதிரிகள் இதனினும் மேம்பட்டன. எண்ணைவிட என் மனத்தில் நின்றது அவர்கள் குறித்துள்ள ஒரு நிகழ்ச்சி. குறிப்பிட்ட ஒருவரிடம் கேள்வி கேட்கவேண்டிய முகவர், உரையாடல் பலகையில் அவரைக் கண்டுபிடிக்க இயலாமல், அங்கிருந்த வேறொருவரின் பெயரைத் தேடியவரின் பெயராக மாற்றிவிட்டதாம்! ஆள் கிடைத்தாயிற்று, வேலை நடந்தாயிற்று.

பிழை ஏன் இவ்வளவு விரைவில் பெருகுகிறது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு 95 தடவை சரியாகச் செய்யும் முகவரைத் திறமையானதென்றே சொல்லுவோம். ஆயின், பணி 20 படிகளை உடையதாயின், இடையில் எவரும் திருத்தாவிட்டால், இருபதும் சரியாக அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 36 அளவுதான். ஐந்து படிகளுக்கு ஒருமுறை மனிதர் ஒருவர் நின்று பார்த்துத் திருத்தினால், அடுத்த படிகள் சரியான இடத்திலிருந்து புறப்படும். கணக்கு அடியோடு மாறிவிடும்.

வெளியார் விஷமமும் இதில் உண்டு. முகவர் தான் படிக்கும் கடிதத்துக்கும் தனக்கு இடப்படும் கட்டளைக்கும் உள்ள வேறுபாட்டை எப்பொழுதும் அறிவதில்லை. 'இக்கோப்புகளை இன்ன முகவரிக்கு அனுப்புக' என்று ஒரு வரியை எவரேனும் கடிதத்தினுள் மறைத்து எழுதிவிட்டால், முகவர் அதையும் ஆணையாக எடுத்துக்கொள்ளக் கூடும். தபாலைப் பிரிக்கும் குமாஸ்தா, தபாலில் வந்த உத்தரவையெல்லாம் தன் மேலதிகாரியின் உத்தரவாகக் கொண்டு நிறைவேற்றினால் அலுவலகம் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அபாயம் விளங்கும். 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், அரசாங்கத் தகவல்களின் இரகசியத்தை முன்னிட்டு, சாட் ஜிபிடி, டீப்சீக் போன்ற கருவிகளை அலுவலகக் கணிப்பொறிகளில் பயன்படுத்தலாகாது என்று தன் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. அதை மிகையான அச்சம் என்று சிலர் நகைத்தார்கள். கோப்புகளோடு பழகிய நான் நகைக்கவில்லை. எங்கள் கையேட்டுப் பணியையும் அலுவலகக் கணிப்பொறியின் பக்கமே கொண்டுபோகவில்லை.

ஆயின், முகவரை நாங்கள் நீக்கிவிட்டோமா என்றால், இல்லை. அதிகாரத்தைச் சுருக்கினோம். பார்க்கும் உரிமை, வரைவு எழுதும் உரிமை, செய்துமுடிக்கும் உரிமை என மூன்றாகப் பிரித்து, முதலிரண்டை மட்டும் அதனிடம் விட்டோம். பட்டியலை அது எழுதும்; எங்களுள் முறை வைத்து ஒருவர் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே பலகையில் ஏறும். அது செய்தவை அனைத்தும் நாள், நேரத்துடன் பதிவாகும். 'முடிந்தது' என்ற சொல்லை எழுதும் உரிமை, மற்றொருவர் செய்த பிரதியைப் படித்துப் பார்த்தவருக்கே உண்டு. எவரேனும் இரண்டு நாள் விடை தராவிட்டால் முகவர் அவருக்கு எழுதாது; அந்த வாரத்து முறைக்காரருக்கு, 'இன்னாரைக் கூப்பிட்டுப் பேசவும்' என்று ஒரு வரி எழுதும். இதனால் நேரம் மிச்சமாயிற்றா என்று கேட்டால், தொடக்கத்தில் எதிர்பார்த்ததில் பாதியளவு மிச்சமாயிற்று என்பேன்.

அம்மையாரைப் பார்க்க நாங்கள் இருவர் நேரில் சென்றோம். மன்னிப்புக் கேட்டோம். தந்தையார் உடல் தேறி வீடு திரும்பியிருந்தார். தாளில் எழுதிய இரண்டு அதிகாரங்களையும் அம்மையார் எங்களிடம் தந்தார். மறுமுறை மொழிபெயர்க்கப்பட்டதைவிட அவையே நன்றாயிருந்தமையால் அவற்றையே அச்சிட்டோம். குழுவுக்குத் திரும்ப அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: தமக்கு வரும் நினைவூட்டல் எதுவாயினும் அதன் அடியில் அனுப்பியவராக ஒரு மனிதரின் பெயர் இருக்கவேண்டும். அன்று முதல் எங்கள் பட்டியல்கள் எல்லாவற்றின் அடியிலும் அந்த வாரத்து முறைக்காரரின் பெயர் இருக்கிறது. இந்த வாரம் என் முறை.