தங்கம் தோண்டப் போய் ஓட்டுரிமை வாங்கியவர்கள்: ஆஸ்திரேலியா நாடாகும் முன் நடந்தது என்ன?

ஆஸ்திரேலியா ஒரே நாடானது 1901-ல். அதற்கு 50 வருஷம் முன்பு, 1851-ல், பிரிட்டிஷ் காலனியான விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. அப்போது அங்கே குடியேறியிருந்தவர்கள் சுமார் 77 ஆயிரம் பேர். பத்தே வருஷத்தில் சுமார் 5.4 லட்சம்!

அரசு சும்மா இருக்குமா? தோண்டுவதற்கே லைசென்ஸ் கேட்டது. தொடக்கத்தில் மாசம் 30 ஷில்லிங். தங்கம் கிடைத்தாலும் கட்டணும், கிடைக்கலைன்னாலும் கட்டணும். கையில் லைசென்ஸ் இல்லாமல் போலீஸில் சிக்கினால் அபராதம். இத்தனையும் கட்டிய பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு மட்டும் கிடையாது.

பல்லாரட்டில் பொறுமை போனது. லைசென்ஸ்களைக் கொளுத்தினார்கள், யுரேகா என்ற இடத்தில் மரத்தடுப்பு கட்டி உள்ளே நின்றார்கள். 1854 டிசம்பர் 3 விடியற்காலை ராணுவமும் போலீஸும் புகுந்தன. 20-க்கும் மேற்பட்டோர் பலி. ஆனால் தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரும் விடுதலை! அடுத்த வருஷமே அந்த லைசென்ஸ் ஒழிந்தது. வருஷத்துக்கு ஒரு பவுண்டு கட்டினால் போதும், ஓட்டும் உண்டு. 1856-ல் ரகசிய வாக்குப்பதிவு வந்தது. அதே வருஷம் மெல்போர்ன் கல்தச்சர்கள் சம்பளம் குறையாமல் 8 மணி நேர வேலையை வாங்கினார்கள்.

ஆனால் இதெல்லாம் யாருக்கு? 1855-லேயே, விக்டோரியா துறைமுகத்தில் இறங்கும் சீனர்களுக்குத் தலைக்கு 10 பவுண்டு வரி. அதைத் தவிர்க்க, பக்கத்துக் காலனியின் ரோப் ஊரில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். தங்கம் கிடைத்த நிலத்தின் பூர்வகுடிகள்? 1901-ல் வந்த அரசியல் சாசனம் அவர்களை மக்கள்தொகைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்தப் பிரிவு நீங்க 1967 வாக்கெடுப்பு வரை ஆனது.