தொழிற்சாலை வாசலோடு நிற்க வேண்டுமா நம் சைக்கிள்?

ஆறு நாள் ஓடுகிறது. ஏழாம் நாள் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. விடிந்தால் தொழிற்சாலை வாசல், பொழுது சாய்ந்தால் வீட்டு வாசல். அதற்கப்பால் அதற்கு உலகமே கிடையாது. யாரைச் சொல்கிறோம் என்று கேட்கிறீர்களா? நம் தொழிலாளித் தோழரின் சைக்கிளைத்தான் சொல்கிறோம். (மிதிவண்டி என்று எழுத நமக்கும் ஆசை உண்டு. ஆனால் பஞ்சர் ஒட்டித் தருகிற தோழர் சைக்கிள் என்றுதான் சொல்கிறார். அவரை மீறி நாம் எழுதுவானேன்?)

ஞாயிறு விடியலில் ஆவடிச் சாலையில் வேறொரு சைக்கிள் கூட்டம் வருவதைத் தோழர்கள் கண்டிருப்பார்கள். பட்டணத்துப் பிள்ளைகள். தலையில் கவசம், வண்டியில் அடுக்கடுக்காய்ப் பல்சக்கரம். அந்த வண்டி ஒன்றின் விலை, நம் ஒப்பந்தத் தொழிலாளியின் பல மாதச் சம்பளம்! பூண்டி வரை மிதிக்கிறார்கள், ஏரியைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், வெயில் ஏறுமுன் திரும்பிப் போகிறார்கள். அவர்கள்மேல் நமக்குக் காய்ச்சல் ஏதும் இல்லை. நம் வருத்தம் வேறு. திருவல்லிக்கேணியிலிருந்து வருகிறவர் பார்த்துவிட்ட நம் ஊரை, திருமுல்லைவாயிலில் குடியிருக்கும் நாம் பார்த்தோமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டுக்கே சைக்கிள் செய்து கொடுத்தவர்கள் நாம்! முருகப்பா குடும்பத்தாரும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் கூடி 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில்தான் ஆலை எழுப்பியது. ஹெர்குலிஸ் என்றும் பி.எஸ்.ஏ. என்றும் பெயர் தாங்கி, தபால்காரருக்கும் பால்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கால் கொடுத்த வண்டிகளைப் பூட்டிய கைகள் இந்த ஊர்க் கைகள். வண்டி ஊரெல்லாம் சுற்றியது. பூட்டியவர் ஷிப்டு முடிந்து வீடு திரும்பினார்.

"தொழிலாளிக்கு ஊர்சுற்றல் எதற்கு? இயக்கப் பணி கிடக்கிறதே!" என்று நம்மவரே சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு இரண்டு செய்தி சொல்வோம். 1891-ல் ராபர்ட் பிளாட்ச்போர்டு என்பவர் மான்செஸ்டரில் 'கிளேரியன்' என்ற சோஷலிசப் பத்திரிகையைத் தொடங்கினார். 1894-ல் பர்மிங்ஹாம் நகரத்து வாசகர்கள் சிலர் சேர்ந்து, அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே சைக்கிள் சங்கம் கண்டார்கள். ஓய்வு நாளில் புகை மண்டிய ஆலை நகரைவிட்டுக் கிளம்புவார்கள். பையிலே பத்திரிகை, துண்டறிக்கை. போகிற கிராமத்தில் விற்பார்கள், பேசுவார்கள், தேநீர் அருந்துவார்கள், பாடிக்கொண்டே திரும்புவார்கள். நெல்சன் என்ற நெசவாலை ஊருக்கு அருகே 1912-ல் எழுந்த கிளேரியன் இல்லம், இன்றும் ஞாயிறுதோறும் வழிப்போக்கருக்குத் தேநீர் தருகிறது. ஜெர்மனியிலோ 1896-ல் தொழிலாளர் சைக்கிள் சங்கம் தோன்றிற்று. அதன் பெயரே 'ஒற்றுமை'. லட்சக்கணக்கில் உறுப்பினர் சேர்ந்தனர். 1933-ல் இட்லர் ஆட்சி அதைத் தடை செய்தது. சைக்கிளைக் கண்டா அஞ்சினான் அந்தச் சர்வாதிகாரி? சைக்கிளிலே சேர்ந்து போகிறவர்களைக் கண்டு அஞ்சினான்!

அயல்நாடு வரை போவானேன்? 1991-92-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள் பெண்கள். கல் உடைக்கும் பெண்ணும் வயல் வேலைப் பெண்ணும் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோதுதான், இந்த மேற்குப் பகுதியிலே குடும்பத்தோடு போகத்தக்க வழிகள் எவையென்று நாம் தேடத் தொடங்கினோம். எல்லார்க்கும் ஒரே கால் இல்லை. ஆகவே வழியும் ஒன்றாய் இருக்க முடியாது.

பிள்ளைகளும் பெரியவர்களும் புதிதாய்ப் பழகியவர்களும் அம்பத்தூரில் கிளம்பி, திருமுல்லைவாயில் பார்த்து, ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இளைப்பாறலாம். மேடு பள்ளம் இல்லாத பாதை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கும்.

"கோவிலுக்கா போகச் சொல்கிறீர்?" என்று புருவம் நெரிக்கும் தோழர் உண்டு. கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் பாடு ஐயா! கல்லைச் சுமந்தவன் யார், அதில் எழுதியிருப்பது என்ன என்று பார்க்கச் சொல்கிறோம். திருமுல்லைவாயில் மாசிலாமணியீசர் கோவிலில் நந்தி, மற்றக் கோவில்களில் போல் உள்ளே பார்த்திராமல் வெளியே பார்த்திருக்கிறது. ஏனாம்? தொண்டைமான் என்ற மன்னன் புழல் பகுதியிலிருந்த குறும்பர்களோடு போரிட வந்தபோது, துணைக்குப் போக நந்தி திரும்பிக்கொண்டதாம். தலபுராணம் அப்படிச் சொல்கிறது. குறும்பரிடமிருந்து கொண்டுவந்தவை என்று எருக்கந்தூண் இரண்டையும் காட்டுகிறார்கள். குறும்பர் யார்? ஆடு மேய்த்து, ஆங்காங்கே அரண் கட்டி வாழ்ந்த கூட்டம் என்பது மரபு. வென்றவன் கதை கோவிலில் கல்லாய் நிற்கிறது. தோற்றவன் கதையோ தூணாய் நிற்கிறது! இதைக் கண்டு யோசிக்கப் பகுத்தறிவாளனைவிடத் தக்கவர் வேறு யார்?

ஆவடி வந்தால் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்ல இன்னொன்றும் உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, 'சோஷலிச மாதிரிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது இந்த ஆவடியில்தான். தீர்மானத்தின் கதி என்னவாயிற்று என்பதை ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்; காற்று நன்றாக வரும். பத்தாண்டு கழித்து, 1965-ல், இங்கே முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அந்த ஆலைக்குச் சைக்கிளில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

நாள்தோறும் மிதிக்கிற கால்களுக்கு ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லி வழி. கூவத்தைக் கடந்து போக வேண்டும். பட்டணத்துக் கூவத்தையே கண்டவர்கள், அது ஆறு என்பதை இங்கேதான் நம்புவார்கள். வழியில் திருவேற்காடு. சூதாடிச் சம்பாதித்து அடியாருக்குச் சோறு போட்ட மூர்க்க நாயனார் ஊர் அது. (சீட்டாடும் தோழர்கள் இதை முன்மாதிரியாய்க் கொள்ள வேண்டாம்!) பூவிருந்தவல்லியில் பிறந்தவர் திருக்கச்சிநம்பி. காஞ்சி ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் இருக்க, பூமாலை கொண்டு நடந்தே போய் வந்தாரென்று சொல்லுவார்கள். அவரை ஆசானாய் மதித்து விருந்துக்கழைத்தார் இராமானுசர். நம்பி உண்டபின், அவர் வேறு குலத்தவர் என்பதால் அந்த இடத்தைக் கழுவித் தீட்டுக் கழித்தார் இராமானுசர் மனைவியார். இராமானுசர் மனம் புழுங்கினார் என்பது வைணவரே எழுதிவைத்த வரலாறு. சாதி, சோற்று இலை வரைக்கும் வந்து உட்கார்ந்த கதையை, அந்த மனிதர் பிறந்த ஊரில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட ஆழமாய்ப் பதியும்.

அங்கிருந்து திருமழிசை போகலாம். கால் இன்னும் ஓய்வு கேட்கவில்லை என்றால் செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம். 364 கோடி கன அடிக்கு மேல் நீர் கொள்ளும். 2015 டிசம்பரில் இதிலிருந்து திறந்த நீர் அடையாற்றிலே பாய்ந்து சென்னையை உலுக்கியதை எவர் மறந்தார்?

மூன்றாவது வழி, நெடுந்தூரம் மிதிக்க வல்லவர்க்கு. ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், பூண்டி. போக மட்டுமே முப்பது கிலோமீட்டருக்கு மேல். பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிந்தது. அதற்கும் அப்பால் கொற்றலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் என்றொரு சிற்றூர். 1863-ல் இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலார் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கண்டார். பிற்காலத்தில் சாந்தி பப்பு அம்மையார் குழுவினர் அங்கே அகழ்ந்தார்கள். கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-ல் ஆய்வு வெளிவந்தது. பதினைந்து லட்சம் ஆண்டு! மன்னன் இல்லை, கோவில் இல்லை, முதலாளி இல்லை. கையும் கல்லும் மட்டும். பூண்டி அருங்காட்சியகத்தில் அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு, நம்முடன் வந்த லேத்து வேலைக்காரத் தோழர் ஒருவர், "முனையை இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டியிருக்கிறான் பாருங்கள், நம்ம ஆள்தான்" என்றார். எந்தப் பேராசிரியர் சொல்லியும் நமக்கு அவ்வளவு விளங்கியதில்லை.

அந்தப் பயணத்தில் ஒரு தவறும் செய்தோம். சொல்லிவிடுகிறோம். பத்துப் பேர் கிளம்பினோம். கியர் வண்டிக்கார இளைஞர் மூவர் முன்னே பறந்தார்கள். ஓய்வுபெற்ற தோழர் ஒருவர், வயது 66, பழைய ஹெர்குலிஸ் வண்டியில் பின்தங்கினார். அரசு தந்த பள்ளிச் சைக்கிளில் அவர் பேத்தியும் வந்தாள். திருநின்றவூரில் முன்னவர்கள் தேநீர் குடித்து முடித்து, "எங்கே அவர்கள்?" என்றபோதுதான் நமக்கு உறைத்தது. திரும்பிப் போனோம். லாரி ஒன்று ஒதுக்கியதில் பெரியவர் மண்ணில் இறங்கி விழுந்து, முழங்கையில் இரத்தம். பேத்தி தன் துப்பட்டாவால் கட்டிக்கொண்டிருந்தாள். "ஒன்றுமில்லைப்பா, நீங்கள் போங்கள்" என்றார் அவர். அந்தச் சொல் நம்மைச் சுட்டது. கொடி பிடித்துக் கூடிப் போகிறவர்கள், சைக்கிளில் ஏறியதும் தனித்தனியாய்ப் போய்விட்டோம். அன்று முதல் நம் ஏற்பாடு மாறிவிட்டது. யார் மெதுவோ அவர் முன்னே. அவர் வேகமே எல்லார் வேகம். பறக்க விரும்புகிறவர் பறந்து போய்த் திரும்பி வந்து சேரட்டும்.

ஆனால் அந்த லாரிக்கு என்ன சொல்வது? ஓட்டியவரும் தொழிலாளிதான், நேரம் தவறினால் அவருக்கும் வாழ்வில்லை. குற்றம் சாலையில் இருக்கிறது. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையிலும் ஆவடி–பூவிருந்தவல்லிச் சாலையிலும் காருக்கு இடம் உண்டு, கண்டெய்னருக்கு இடம் உண்டு, கடைப் பலகைக்கும் இடம் உண்டு; மிதிக்கிறவனுக்கு மண்ணோரம்தான். நாம் கேட்பது மாளிகை அல்ல. இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் இடம், அதற்கு ஒரு தடுப்பு. ஞாயிறு காலை மின்சார ரயிலில் ஒரு பெட்டியின் ஓரத்தில் சைக்கிளுக்கு இடம். போகும்போது மிதித்தவர் வரும்போது திருவள்ளூரில் ஏறிக்கொள்வார். ஷிப்டுக்குப் போகிறவன் உயிரையும் அந்த ஒன்றரை மீட்டரே காக்கும். இதைக் கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கும் ஆவடி மாநகராட்சிக்கும் கிளைதோறும் மனு எழுதுங்கள். கையெழுத்து வாங்க சைக்கிளிலேயே போங்கள்.

அதுவரை விடியலில் கிளம்புவோம். ஐந்தரைக்கு லாரி குறைவு, வெயிலும் இல்லை. சிவப்பு விளக்கு பின்னால் எரியட்டும். பிரேக் கட்டையை முந்தின நாளே பாருங்கள். தண்ணீர், வேர்க்கடலை, பஞ்சர் ஒட்டும் பசை கொண்டு வாருங்கள். சென்ற முறை பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பம்புதான் இருந்தது. அதிலும் காற்று வரவில்லை.