பால்மரத்தை ஏன் விடியலுக்கு முன் வெட்டினார்கள்?

தோட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொன்னால், "வெயிலுக்குப் பயந்து விடியற்காலையிலேயே பால்மரம் வெட்டப் போனார்கள்" என்றுதான் மாணவர்கள் பலர் எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோலா குபு பாரு, கோலா சிலாங்கூர் பக்கம் இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான். சிறுகதைப் பாடத்தில் பெரட்டு, உளி, மங்கு என்று வரும்போது உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடலாம்.

பால் ஓடுவது மரத்தின் பட்டைக்குள், தலைமுடியைவிட மெல்லிய குழல்களில். குறுகிய குழலில் எதுவும் லேசில் ஓடாது. விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 16இல் ஒரு பங்காகிவிடும். பாலோ வெறும் தண்ணீர் இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். அதைத் தள்ள நல்ல அழுத்தம் வேண்டும். இரவில் இலைகள் அதிகம் நீர் இழப்பதில்லை. அதனால் குழல்கள் நீரேறி விறைத்து நிற்கும். விடியலுக்கு முன் உள்ளே இருக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 10 மடங்கு. கார் டயரில்கூட இரண்டு மூன்று மடங்குதான்! வெயில் ஏற ஏற அது இறங்கிவிடும். பிந்தி வெட்டினால் பால் குறையும், கூலியும் குறையும். அதுக்குத்தான் நாலு மணிக்கே எழும்பி, தூங்கும் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார்கள்.

சரி, வெட்டிய மரத்தில் பால் ஏன் ஓரிரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது? பால் தீர்ந்துபோவதால் அல்ல. பாலில் லுட்டாய்டு எனப்படும் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. வெட்டுவாயை நோக்கி வேகமாகப் பாயும்போது அவை உடைகின்றன. உள்ளிருக்கும் பொருள் ரப்பர் துகள்களைத் திரட்டி, ஒவ்வொரு குழல் வாயிலும் கூழ்போன்ற ஓர் அடைப்பை வைத்துவிடுகிறது. 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் 1960களில் இதை விரிவாக ஆராய்ந்தது.

அடுத்த முறை வெட்டுபவர் முதலில் கோட்டுப்பாலை உரித்தெடுப்பார். பிறகு உளியால் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவுவார். அந்தச் சீவலோடு அடைப்பும் போய்விடும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், கங்காணியிடம் திட்டு. வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்குவதற்கும் காரணம் உண்டு: குழல்கள் நேர்செங்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால் அதிகக் குழல்கள் அறுபடும்.

அடைப்பு விழும் வேகம் மரத்துக்கு மரம் வேறுபடும். எந்த மரத்தில் பால் சீக்கிரம் நிற்கும், எதில் வெகுநேரம் சொட்டும் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.