வைக்கோலின் கீழ் ஒரு விளைச்சல்

மண்ணைக் கொத்துவதே கமம் என்றெண்ணி வளர்ந்தவன் நான். மண்ணை மூடிக் காப்பதும் கமத்தின் ஒரு பாதி என்பதை, ஓய்வுபெற்ற பின் வீட்டு வளவில் நட்ட உருளைக்கிழங்கே எனக்குக் கற்பித்தது.

முதலாண்டு கார்த்திகையில், கோப்பாய்ச் செம்மண்ணில் ஐந்து பாத்திகள் கட்டி முளைவிட்ட கிழங்குகளை நட்டேன். செடிகள் செழித்தன. தையில் மழை ஓய்ந்ததும் மண் வெடித்தது. வெடிப்பினூடே தெரிந்த கிழங்குகள் வெயில் பட்டுப் பச்சையாயின. அவற்றிற் சொலனீன் என்னும் நஞ்சு மிகுமாதலால் உணவுக்கு உதவா. வேறு பலவற்றின் கண்களில் அந்துப்பூச்சி முட்டையிட, புழுக்கள் உட்புகுந்து துளைத்தன. மாசியில் அகழ்ந்தபோது பாதியை எறிய நேர்ந்தது.

"மாஸ்டர், அடுத்தமுறை ஒருக்கா மருந்தடியுங்கோ, ஒண்டும் கிட்ட வராது" என்றார் அயலவர். அன்பினாற் சொன்ன சொல்தான். ஆயினும் பாத்திக்குப் பத்தடி தூரத்திற் கிணறு. எமது செம்மண்ணின் கீழிருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல். மேலே இடுவது மழைநீரோடு கீழே எளிதிற் சென்றடையும். அந்நீரையே என் பேர்த்தி குடிக்கிறாள். ஆதலால் மருந்து வாங்காது வைக்கோல் வாங்கினேன்.

மறுவருடம் கிழங்குகளைச் சற்று ஆழமாக நட்டு, செடி சாணுயரம் வளர்ந்ததும் மண் அணைத்து, அரையடிக்கு வைக்கோல் பரப்பினேன். விவசாயப் பாடநூல்கள் பத்திரக்கலவை என்பது இதனையே. ஈரம் காய்ந்து போகவில்லை, மண் வெடிக்கவில்லை, கிழங்கு வெயிலையும் அந்துப்பூச்சியையும் காணவில்லை.

ஆனால் அப்போர்வை பகைக்கும் புகலிடமாயிற்று. வெட்டுப்புழு இரவிலே தண்டை அறுத்துவிட்டுப் பகலில் அதனடியிற் சுருண்டு கிடக்கும். ஓடில்லா நத்தைகளும் அங்கே ஒளிந்தன. எனவே தண்டைச் சுற்றி நாலு விரல் வைக்கோலை விலக்கினோம். மாலையில் ஈரப்பலகையொன்றை இட்டு, விடியலில் அதன்கீழ்க் கூடிய நத்தைகளைப் பொறுக்கி உப்புநீரிற் போட்டோம். அறுந்த செடியின் அடியைக் கிளறிப் புழுவைத் தேடியெடுப்பவள் பேர்த்தி.

அகழ்ந்த கிழங்கை அன்றிரவே வீட்டினுள் சேர்த்தோம். வெளியே கிடப்பின் அந்துப்பூச்சி அதனிலும் முட்டையிடும். இம்முறையும் சில பழுதாயின. ஆயினும் எறிந்தவை ஒரு கடகத்துக்குள் அடங்கின.

பூவரசங் குழையையும் பனையோலையையும் மண்ணிலே தாழ்த்து உரமாக்கியவர் எம் முன்னோர். நான் செய்தது அதற்குத் தொலைவானதன்று. மருந்து ஒரு நாழிகையில் முடிக்கும் வேலைக்கு எனக்கு நாள்தோறும் ஒரு விடியல் தேவைப்பட்டது. கிணற்றை எண்ணும்போது அது பெரிய விலையாகத் தோன்றவில்லை.